துள்ளும் சக்கரத்தை அடக்கிய கதை

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மலைக்கோட்டை பின்னால் மறைந்துவிட்டது. சமவெளியில் வேகத்தடைகளையும் ஒட்டுப்போட்ட தார்ச்சாலையையும் தாண்டிச் சிறுமலைக்குப் பிரியும் சாலையில் திரும்புகிறீர்கள். மேலே போக 18 கொண்டை ஊசி வளைவுகள். திரும்பி இறங்கி வரும்போது, ஒரு வளைவுக்குச் சற்று முன்னால் பிரேக்கை அழுத்துகிறீர்கள். அந்த இடத்தில் சாலை மேடும் பள்ளமுமாக இருக்கிறது. பின்சக்கரம் ஒரு கணம் தரையை விட்டு எழும்புகிறது. அந்த ஒரு கணத்தில் என்ன நடக்கும்?

பிரேக் தன் வேலையைச் சரியாகவே செய்யும்; சக்கரத்தை நிறுத்திவிடும். ஆனால் வண்டி நிற்காது! வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு. டயர் சாலையைத் தொடாதபோது உராய்வுக்கு இடமேது?

பின்சக்கரத்தின் இருபுறமும் சுருள்வில் சுற்றிய இரண்டு குழாய்கள் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவைதாம் ஷாக் அப்சார்பர்கள். அவை நம் இடுப்புக்குச் சுகம் தருவதற்காக வைக்கப்பட்டவை என்றே பலரும் எண்ணுகிறோம். சுகம் தருவது உண்மைதான். ஆனால் அவற்றின் முதற் கடமை சக்கரத்தைத் தரையிலேயே வைத்திருப்பது. இந்த எளிய உண்மையை மோட்டார் சைக்கிள் உலகம் ஏற்றுக்கொள்ள ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்த வரலாற்றில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. பழைய வண்டிக்குப் புதிய ஷாக் அப்சார்பர் பூட்ட நினைப்பவர்கள் அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், உடலும் தப்பும்.

வில் வண்டி கற்பித்த பாடம்

நம் கிராமங்களில் கட்டை வண்டி ஒன்று, வில் வண்டி ஒன்று என இரு வகை இருந்தன. கட்டை வண்டியில் அச்சின் மேல் நேராகப் பாரம் உட்காரும். வில் வண்டியிலோ அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில் இருக்கும். திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் பெரியவர்கள் வில் வண்டி கட்டச் சொன்னதன் காரணம் வெளிப்படை.

அந்தப் பட்டை வில்லில் ஒரு நுட்பம் மறைந்திருக்கிறது. வில் வளையும்போது பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று தேய்கின்றன. மேட்டில் ஏறிய ஆற்றலின் ஒரு பகுதி அந்தத் தேய்மானத்தில் வெப்பமாகிவிடுகிறது. எனவே கூண்டு இரண்டு மூன்று முறை ஆடி அடங்கிவிடும். சுருள்வில்லுக்கு இந்தக் குணம் இல்லை. அது வாங்கிய ஆற்றலை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பித் தந்துவிடும் நாணயமான கடனாளி. ஆகவே சுருள்வில் மட்டும் உள்ள வண்டி ஒரு மேட்டைத் தாண்டிய பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய நீண்ட ரப்பர்ப் பட்டையில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். கல்லைச் சிறிது கீழே இழுத்து விட்டு, எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுங்கள். பிறகு அந்தக் கல் ஒரு வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்படி தொங்கவிட்டு மறுபடியும் எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்துவிடும். தண்ணீருக்குப் பதில் விளக்கெண்ணெய் என்றால் இன்னும் விரைவில் அடங்கும். ரப்பர்தான் வில், திரவம்தான் தணிப்பான். ஷாக் அப்சார்பருக்குள் இருப்பவையும் இவ்விரண்டே. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது வில். பிறகு எழும் ஆட்டத்தை அடக்குவது தணிப்பான்.

இறுகிய வண்டியே நல்ல வண்டி!

தொடக்க கால மோட்டார் சைக்கிள் என்பது எஞ்சின் பூட்டிய சைக்கிளே. பின்சக்கரம் சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். இருக்கைக்கு அடியில் இரண்டு சுருள்கள், அவ்வளவுதான். அமெரிக்காவின் ‘இந்தியன்’ நிறுவனம் 1913ஆம் ஆண்டிலேயே பின்சக்கரத்துக்குப் பட்டை வில் வைத்து விற்றது. இங்கிலாந்தில் பிலிப் வின்சென்ட் 1928-இல் தம் பெயரால் வெளியிட்ட வண்டிகளிலும் பின்சக்கரம் வில்லின்மேல் அசைந்தது. ஆயினும் பெரும்பாலோர் அவற்றை ஏற்கவில்லை. அவர்கள் சொன்ன காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அசையும் பாகம் சேர்ந்தால் எடை கூடும். இணைப்புகள் தேய்ந்தால் பின்சக்கரம் பக்கவாட்டில் நெளியும். வளைவில் வண்டி ஆடும். இறுகிய சட்டமே நேராக ஓடும் என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை அசைத்தது ஒரு பந்தயம். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள மான் தீவில், ஊர்ச் சாலைகளையே பந்தயப் பாதையாக்கி ஆண்டுதோறும் போட்டி நடத்துவது வழக்கம். 1935-இல் நடந்த ‘சீனியர்’ போட்டியின் தூரம் சுமார் 425 கிலோமீட்டர். இறுகிய சட்டம் கொண்ட நார்ட்டன் வண்டியில் ஜிம்மி குத்ரி. பின்சக்கரத்துக்கு வில் அமைத்த இத்தாலிய மோட்டோ குஸ்ஸி வண்டியில் ஸ்டான்லி உட்ஸ். வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக நேர இடைவெளி விட்டுப் புறப்படும் போட்டி அது. முன்னால் புறப்பட்ட குத்ரி ஓட்டத்தை முடித்துவிட்டார். அவரே வென்றார் என்று எல்லோரும் எண்ணினர். பின்னால் வந்த உட்ஸ், கடைசிச் சுற்றில் பெட்ரோலுக்காக நிற்காமல் பறந்து வந்து 4 வினாடி வேறுபாட்டில் வெற்றியைப் பறித்துக்கொண்டார்.

அந்த 4 வினாடிகளை வில் மட்டுமே வாங்கித் தந்தது என்று சொல்ல முடியாது. உட்ஸின் சாமர்த்தியத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆயினும் ‘வில் வைத்த வண்டி வேகத்துக்கு உதவாது’ என்ற வாதம் அன்றோடு வலுவிழந்தது. அடுத்த ஆண்டு நார்ட்டன் பந்தய வண்டிகளும் பின்சக்கர வில்லுடன் வந்தன.

உராய்வா, எண்ணெயா?

வில் வந்தது, ஆட்டத்தை அடக்க வழி? அந்நாளைய விடை உராய்வுத் தணிப்பான். இரண்டு மூன்று வட்டத் தகடுகளை ஒரு மறையால் இறுக்கி, அவை ஒன்றோடொன்று தேயும்படி செய்வது. வில் வண்டியின் பட்டைகள் செய்த அதே வேலைதான்.

இதில் ஒரு பெருங்குறை உண்டு. உராய்வு விசை, அசைவு மெதுவானாலும் விரைவானாலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். அதனால் சிறு கற்களின்மேல் ஓடும்போது தகடுகள் பிடித்துக்கொண்டு வில்லை அசையவே விடா. பெரிய பள்ளத்திலோ, அதே பிடிப்பு போதாமற் போய்விடும். தேவையற்ற இடத்தில் முரட்டுத்தனம், தேவையான இடத்தில் பலவீனம்!

எண்ணெயின் குணம் வேறு. நிறைகுடத்தில் கையை மெல்ல விட்டால் தண்ணீர் வழிவிடும்; ஓங்கி அடித்தால் கை வலிக்கும். வேகம் கூடக் கூடத் திரவத்தின் எதிர்ப்பும் கூடும். எண்ணெய் நிறைந்த குழாய்க்குள் துளையிட்ட ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போகும்படி செய்தால், மெதுவான அசைவுக்குச் சிறு தடையும் விரைவான அசைவுக்குப் பெருந்தடையும் தானாகவே கிடைக்கின்றன. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1935-இல் இம்முறையை முன்சக்கர போர்க்குகளில் கொண்டுவந்தது.

பின்சக்கரத்துக்கு இதைப் பொருத்திக் காட்டியவர்களுள் முக்கியமானவர் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்தைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கான்ட்லெஸ். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் தாமே ஒரு வண்டியைக் கட்டினார். பின்சக்கரத்தை ஒரு கவை வடிவக் கை தாங்கியது. கையின் முன்முனை சட்டத்தில் கீல்போல் திரும்பும். பின்முனை சக்கரத்தோடு ஏறி இறங்கும். நம் மெக்கானிக்குகள் ‘ஸ்விங் ஆர்ம்’ என்று சொல்வது இதைத்தான். இந்தக் கைக்கும் சட்டத்துக்கும் இடையே அவர் நிறுத்தியது, சிட்ரோயன் காரிலிருந்து கழற்றிய எண்ணெய்த் தணிப்பான்களை! பிறகு அவர் நார்ட்டன் நிறுவனத்துக்கு வடிவமைத்த பந்தயச் சட்டம் 1950-இல் மான் தீவில் வெற்றி பெற்றது. அதை ஓட்டிப் பார்த்த வீரர் ஹெரால்டு டேனியல் இறகு மெத்தையோடு ஒப்பிட்டதால் அச்சட்டத்துக்கு ‘பெதர்பெட்’ என்றே பெயர் நிலைத்தது.

சேற்றில் நடந்த சோதனை

இதே காலத்தில் இங்கிலாந்தின் ரெடிச் ஊரில் ராயல் என்பீல்டு நிறுவனமும் இவ்வழியில் முயன்றுகொண்டிருந்தது. ‘புல்லட்’ என்ற பெயர் அதற்கு முன்பே, 1930களின் தொடக்கத்திலேயே, அவர்களுடைய வண்டிகளுக்கு உண்டு. 1948-இல் ஸ்விங் ஆர்மும் எண்ணெய்த் தணிப்பானும் பூட்டிய புதிய புல்லட்டை அவர்கள் வெளியே கொண்டுவந்தது தார்ச்சாலைப் பந்தயத்துக்கு அன்று. சேறும் பாறையும் நிறைந்த பாதையில் கால் ஊன்றாமல் ஓட்டிக்காட்ட வேண்டிய ‘கோல்மோர் கோப்பை’ப் போட்டிக்கு!

இத்தகைய போட்டிகளில் இறுகிய சட்டமே நல்ல பிடிப்புத் தரும் என்று வீரர்கள் நம்பிய காலம் அது. அதே ஆண்டில் இத்தாலியின் சான் ரெமோவில் ஆறு நாள் அனைத்துலகப் போட்டி நடந்தது. வெற்றி பெற்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள் இருந்தன. இரண்டும் தங்கப் பதக்கம் பெற்றன. பாறையின்மேல் ஏறி இறங்கும் சக்கரம், குதித்து விழும் சக்கரத்தைவிட நன்றாகப் பிடிக்கிறது என்பது கண்ணெதிரே மெய்ப்பிக்கப்பட்டது. 1949-இல் அந்த வண்டி விற்பனைக்கு வந்தது.

1950களில் எல்லைப் பணிக்காக இந்திய அரசு தேர்ந்தெடுத்த வண்டியும் புல்லட்தான். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ‘என்பீல்டு இந்தியா’ தொடங்கப்பட்டது; சென்னை திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் இங்கிலாந்தில் அந்நிறுவனமே மறைந்தபோதும் திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. சான் ரெமோவில் பாறை ஏறிய வண்டியின் வாரிசு, திண்டுக்கல் சமவெளியில் பால் கேனும் நெல் மூட்டையும் சுமக்கத் தொடங்கியது.

எண்ணெய் நுரைத்தால்?

எண்ணெய்த் தணிப்பானுக்கும் ஒரு சோதனை காத்திருந்தது. அதுதான் வெப்பம். ஒரு சிறு கணக்குப் போடுவோம். பின்சக்கரத்தின்மேல் 120 கிலோ பாரம் இருக்கிறது. ஒரு மேட்டில் அது 5 சென்டிமீட்டர் எழுந்து விழுகிறது. இதில் ஈடுபடும் ஆற்றல் சுமார் 60 ஜூல். வினாடிக்கு இப்படி இரண்டு மேடுகள் என்றால் 120 வாட். அதாவது பழைய நூறு வாட் குண்டு பல்பைவிடச் சற்று அதிக வெப்பம், கையளவுக் குழாய்களுக்குள் பிறக்கிறது! கணக்கு தோராயமானதே; என்றாலும் கரடுமுரடான சாலையில் ஓடிய பின் தணிப்பான் சூடாக இருப்பது ஏன் என்பது இப்போது விளங்கும்.

சூடான எண்ணெய் நீர்த்துப்போகும்; தடை குறையும். அதைவிடப் பெரிய தொல்லை நுரை. பழைய வகைத் தணிப்பானில் பிஸ்டன் தண்டு உள்ளே வரும்போது எண்ணெய்க்கு இடம் வேண்டும் என்பதற்காகச் சிறிது காற்று விடப்பட்டிருக்கும். ஓயாத குலுக்கலில் காற்றும் எண்ணெயும் கலந்து மோர்போல் நுரைத்துவிடும். பிஸ்டனும் வேகமாக நகரும்போது தன் பின்னால் அழுத்தத்தைக் குறைத்துக் குமிழிகளை உண்டாக்கும். நுரையைக் கடைவதற்கு வலிமை வேண்டுமா? பிஸ்டன் தடையின்றி ஓடும், வண்டி துள்ளும்.

இதற்கு வழி கண்டவர் பிரெஞ்சுப் பொறியியலாளர் கிறிஸ்தியான் தெ கார்போன். 1950களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய தணிப்பானில் எண்ணெயும் வாயுவும் ஒரே குழாயில் இருந்தாலும், மிதக்கும் ஒரு பிஸ்டன் அவற்றைப் பிரித்து வைக்கிறது. வாயு, உயர் அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜன். சோடாப் புட்டியைத் திறக்கும்வரை உள்ளே குமிழிகளைக் காண்பதில்லை அல்லவா? அழுத்தம் அவற்றை எழவிடுவதில்லை. அதே தத்துவம்தான் இங்கும். நைட்ரஜனைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அதில் ஈரம் இல்லை. எண்ணெயை ஆக்சிஜனேற்றம் செய்து கெடுப்பதும் இல்லை.

ஆகவே ‘கேஸ் ஷாக்’ என்றால் வாயு பாரத்தைத் தாங்குகிறது என்று எண்ண வேண்டாம். பாரத்தைத் தாங்குவது வில். ஆட்டத்தை அடக்குவது எண்ணெய். எண்ணெய் நுரைக்காமல் காவல் காப்பதே வாயுவின் வேலை.

சென்னையில் பிறந்த ‘கான்டினென்டல்’

1960களில் ராயல் என்பீல்டு இங்கிலாந்தில் ‘கான்டினென்டல் ஜி.டி.’ என்னும் 250 சி.சி. விளையாட்டு வண்டியை வெளியிட்டது. தாழ்ந்த கைப்பிடி, நீண்ட பெட்ரோல் டாங்கி, ஒல்லியான இருக்கை. அக்கால இளைஞர்களின் கனவு. அந்தப் பெயர் 2013-இல் மீண்டும் உயிர் பெற்றது. இம்முறை வண்டி பிறந்தது சென்னையை அடுத்த தொழிற்சாலையில். எஞ்சின் 535 சி.சி.

பார்வைக்குப் பழைய பாணி. உள்ளே கற்ற பாடங்கள் பல. இரட்டைத் தொட்டில் சட்டத்தை இங்கிலாந்தின் ஹாரிஸ் நிறுவனம் உருவாக்கியது. பின்புறம் இத்தாலியின் பையோலி நிறுவனத்தின் வாயு அடைத்த இரட்டை ஷாக் அப்சார்பர்கள். அவற்றின் அசைவு 80 மில்லிமீட்டர். புதிய ஷாக் அப்சார்பரோடு அதைத் தாங்கவல்ல சட்டமும் சேர்ந்தே வந்தது என்பதைக் கவனியுங்கள். 2018-இல் வந்த 650 சி.சி. வண்டியும் வாயு அடைத்த இரட்டைத் தணிப்பான்களையே கொண்டிருந்தது.

உங்கள் வண்டிக்கு மாற்றுமுன்

பழைய புல்லட்டோ வேறு விளையாட்டு வண்டியோ உங்களிடம் இருக்கலாம். தங்க நிறக் குப்பி தொங்கும் புதிய ஷாக் அப்சார்பரைக் கடையில் பார்த்தால் ஆசை வருவது இயல்பு. அதற்குமுன் சில சோதனைகள் செய்யுங்கள்.

முதலில் பழையது உண்மையில் செத்துவிட்டதா என்று பாருங்கள். தண்டைச் சுற்றி எண்ணெய் கசிகிறதா? பின்னிருக்கையைப் பலமாக அழுத்தி விடுங்கள். வண்டி எழுந்து ஒரு முறைக்குள் அமைதியடைந்தால் தணிப்பான் உயிரோடு இருக்கிறது. இரண்டு மூன்று முறை ஆடினால் அதன் காலம் முடிந்தது. ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்து பின்சக்கரம் பக்கவாட்டில் அசைகிறதா என்பதையும் பாருங்கள். அது தேய்ந்திருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த ஷாக் அப்சார்பரும் பயன் தராது. 1920களில் வில்லை எதிர்த்தவர்கள் அஞ்சியது இதற்குத்தானே!

அடுத்தது வில்லின் வலிமை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரம் தொங்கும்போது, அச்சிலிருந்து நேர்மேலே மட்கார்டின் ஒரு புள்ளிவரை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, நீங்கள் வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு உட்கார்ந்து, நண்பர் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, சக்கரத்தின் மொத்த அசைவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. அசைவு 80 மில்லிமீட்டர் என்றால் சுமார் 20 முதல் 27 மில்லிமீட்டர். அதைவிட மிகக் குறைந்தால் வில் முரடு; பள்ளத்தில் சக்கரம் இறங்கித் தரையைத் தொட இடமிருக்காது. மிக அதிகமானால் வில் மெலிவு. சிறு மேட்டிலும் அடிதட்டும்.

வில்லின் அடியில் உள்ள படி வளையத்தைத் திருப்பினால் வில் கடினமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வில்லின் வலிமை மாறுவதில்லை. வண்டியின் உயரமே மாறுகிறது. நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குக் கூடைகளை ஏற்றிச் செல்பவர் வளையத்தை மேற்படிக்குத் திருப்பிவைத்தால், பாரத்தால் தாழ்ந்த வண்டி மீண்டும் நிமிர்ந்து, அசைவதற்கு இடம் கிடைக்கும். திரும்பி வரும்போது பழைய படிக்கு மாற்றிவிட வேண்டும். இருபுறமும் ஒரே படியில் இருப்பது அவசியம்.

மூன்றாவது நீளம். மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் இடையே உள்ள தூரம் பழைய அளவிலேயே இருக்கட்டும். 136 சென்டிமீட்டர் சக்கர இடைவெளி உள்ள வண்டியின் பின்பகுதி 1 சென்டிமீட்டர் உயர்ந்தாலே முன் போர்க்கின் சாய்வு சுமார் 0.4 பாகை நிமிர்ந்துவிடும். கைப்பிடி இலகுவாகத் திரும்பும். ஆனால் வேகத்தில் நேராக ஓடும் உறுதி குறையும். ஸ்விங் ஆர்மின் கோணம் மாறுவதால் செயினின் தளர்வும் மாறும். எனவே பூட்டியபின், ஆள் உட்கார்ந்த நிலையில் செயினைச் சோதியுங்கள். குப்பியோ வில்லோ செயின் கார்டிலும் சைலன்சரிலும் உரசாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்றினால் இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். வாயு அடைத்த பழைய குழாயைப் பிரிக்கவோ வெட்டவோ தீயில் காட்டவோ கூடாது. அது அடைத்து வைத்த வெடிக்குச் சமம்.

எல்லாம் முடிந்தபின் முதல் ஓட்டத்தை மெதுவாக, தெரிந்த சாலையில் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு என்ன சொல்கிறது என்பதை மட்டும் கேட்காதீர்கள். வளைவுக்குமுன் பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரம் சாலையைத் தொட்டுக்கொண்டே இருக்கிறதா என்று கவனியுங்கள். உட்ஸும் மெக்கான்ட்லெஸும் தெ கார்போனும் தேடியது அதைத்தான். சிறுமலை வளைவில் உங்களுக்கும் உங்கள் பின்னால் அமர்ந்திருப்பவருக்கும் தேவைப்படுவதும் அதுவேதான்.